இரைப்பையைச் சுருக்கிய கதை: ஓர் ஆயத்தப் பட்டியலின் வரலாறு

மன்னருக்கும் போருக்கும் கல்வெட்டுக்கும் மட்டுமே வரலாறு உண்டு என்பதில்லை. மருத்துவமனையில் நோயாளியின் கையில் தரப்படும் ஒற்றைத் தாளுக்கும் வரலாறு உண்டு. உடல் எடையைக் குறைக்கும் அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டவர்களுக்கு அத்தகைய தாள் ஒன்று கொடுக்கப்படும். இரண்டு வாரங்களுக்கு மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த உணவு. புகைப்பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். குறித்த நேரத்திற்குப் பின் எதுவும் உண்ணக்கூடாது. அறுவை முடிந்த அன்றே எழுந்து நடக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் சத்து மாத்திரைகளை உட்கொள்ள வேண்டும் என்று வரிசையாக அதில் எழுதியிருக்கும். அதனுடன் மற்றொரு தாளும் வரும். அது ஒப்புதல் படிவம். ரத்தக்கட்டு, கசிவு, குடலடைப்பு, உயிரிழப்பு என்று அதிலும் ஒரு வரிசை உண்டு.

இவ்விரு தாள்களையும் மடித்து வைத்துக்கொண்டு வீடு திரும்புபவருக்கு அன்றிரவு உறக்கம் வருமா? 'இவ்வளவு அச்சம் எதற்கு?' என்று சுற்றத்தார் தேற்றுவர். 'வாயைக் கட்டினால் போதாதா, வயிற்றை அறுக்க வேண்டுமா?' என்று வேறு சிலர் இடித்துரைப்பர். இரண்டுமே அவருக்கு உதவா. முதல் தாளிலுள்ள ஒவ்வொரு வரியும் இரண்டாம் தாளிலுள்ள ஏதேனும் ஒரு வரிக்கு விடையாக எழுதப்பட்டது என்பதை எடுத்துக்காட்டுவதே உதவும் என்று நாம் கருதுகிறோம். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய ஏடுகள் சொல்வன

இவ்வகை அறுவையின் வரலாற்றை எழுதும் மருத்துவர்கள் பெரும்பாலும் மூன்று பழங்கதைகளைத் தொட்டுச் செல்வர். முதலாவது, ரோமானிய அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் கூறுவது. அப்ரோனியஸ் என்னும் உயர்குடி மனிதரின் மகனுக்கு, அசைய முடியாத உடற்சுமையைக் குறைப்பதற்காகக் கொழுப்பு அகற்றப்பட்டது என்கிறார் அவர். செய்தி அத்துடன் முடிந்துவிடுகிறது. யார் செய்தார், எப்படிச் செய்தார் என்ற விவரம் இல்லை.

இரண்டாவது, யூதர்களின் தல்மூதில் வரும் ரபி எலாசரின் கதை. அவருக்கு உறக்க மருந்து கொடுத்து, பளிங்கு மாளிகைக்குள் கொண்டுசென்று, வயிற்றைத் திறந்து, கூடை கூடையாகக் கொழுப்பை எடுத்தனர் என்கிறது அந்நூல். 'உலகின் முதல் எடைக்குறைப்பு அறுவை' என்று இதைக் குறிப்பிடுவோர் உளர். மூலக்கதையின் போக்கைப் பார்த்தால் அது எடையைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்டது அன்று. அதிகாரத்தாருக்காகத் திருடர்களைப் பிடித்துக் கொடுத்துவந்த எலாசர், தம்மால் ஒருவன் தூக்கிலிடப்பட்டபின் தாம் செய்தது அறமா என்று கலங்குகிறார். எடுத்த கொழுப்பைக் கடுங்கோடையின் வெயிலில் வைக்கிறார்கள், அது அழுகவில்லை. தம் மனம் தூயது என்பதற்கு அதை அவர் சான்றாகக் கொள்கிறார். மனச்சான்றின் சோதனையைச் சொல்லும் கதையை மருத்துவக் குறிப்பாக வாசிப்பது பொருந்தாது. இலக்கியம் வாசிப்போர் இந்த வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

மூன்றாவதில் வரலாறு சற்று உறுதியாக நிற்கிறது. இன்றைய ஸ்பெயினின் வடபகுதியிலிருந்த லெயோன் நாட்டு மன்னன் முதலாம் சாஞ்சோ. 'பருத்தவன்' என்பதே அவனுடைய பட்டப்பெயர். 958இல் பிரபுக்கள் அவனை அரியணையிலிருந்து இறக்கினர். குதிரையேறவும் இயலாத உடலன் எப்படி அரசாள்வான் என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. அவனுடைய பாட்டி, நவார்ரா நாட்டு அரசி தோடா, கொர்தோபாவிலிருந்த கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் உதவியை நாடினார். கலீபாவின் அவையிலிருந்த யூத மருத்துவரும் அரசதந்திரியுமான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் சிகிச்சையை ஏற்றார். அதற்கு விலையாகப் பத்துக் கோட்டைகள் பேசப்பட்டன. பாட்டியும் பேரனும் பகைவரின் தலைநகருக்கு நேரில் சென்றனர். சாஞ்சோ மெலிந்தான், கலீபாவின் படைத்துணையுடன் அரியணையையும் மீட்டான். அவனுடைய வாயைத் தைத்து, சிறு குழல் வழியே நீராகாரம் மட்டும் புகட்டினர் என்பது பிற்காலத்தில் பரவிய கதை.

பருத்த உடலை உடையவன் தன் கடமைக்குத் தகுதியற்றவன் என்ற தீர்ப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசனின் முடியைப் பறித்திருக்கிறது. அத்தீர்ப்பு இன்றும் மாறிவிட்டதா என்ன?

1881: இரண்டு நிகழ்வுகள்

கதைகளை விட்டு அறுவை மேசைக்கு வருவோம். 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத், புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணின் இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றி, எஞ்சியதைச் சிறுகுடலுடன் இணைத்தார். அப்பெண் அறுவையிலிருந்து மீண்டார். சில மாதங்களில் அந்நோயாலேயே இறந்தார். ஆயினும் இரைப்பையை வெட்டித் தைக்கலாம், அதன் பின்னும் மனிதர் உயிருடன் இருக்கலாம் என்பது நிறுவப்பட்டது. சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் சேசர் ரூ, சிறுகுடலை ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். எடைக்குறைப்பு அறுவைகளுள் ஒன்று இன்றும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே 1881இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் இருவர் குடிநோயாளிகள். மூன்றாமவர் தையல் வேலை செய்துவந்த இளம்பெண். கந்தக அமிலத்தை விழுங்கியதால் இரைப்பையின் வாயில் குறுகி, ஓயாமல் வாந்தியெடுத்தவர். மூவருக்கும் கண்ணசைவு தடுமாறியது, நடை தள்ளாடியது, சித்தம் கலங்கியது, மூவருமே இறந்தனர். இதற்கும் நம் தாளின் கடைசி வரிக்கும் உள்ள தொடர்பைப் பின்னர்க் காண்போம்.

குடலைக் குறுக்கிய காலம்

எடையைக் குறைப்பதற்கென்றே அறுவை செய்யும் எண்ணம் 1950களில் தோன்றியது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமன், லின்னர், நெல்சன் ஆகியோர் சிறுகுடலின் எப்பகுதி எச்சத்தை உறிஞ்சுகிறது என்று நாய்களில் ஆராய்ந்து 1954இல் வெளியிட்டனர். சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றுப்பாதை போட்டு விலக்கிவிட்டால் உண்டது உடலில் ஒட்டாது என்னும் கணக்கு அவ்வாராய்ச்சியிலிருந்து பிறந்தது. லாஸ் ஏஞ்சலஸில் பெய்னும் டிவிண்டும் அதனை வளர்த்தனர். 1969இல் அவர்கள் வெளியிட்ட முறையில், சிறுகுடலின் மேற்பகுதியில் 14 அங்குலமும் கீழ்ப்பகுதியில் 4 அங்குலமும் மட்டுமே உணவுப் பாதையில் எஞ்சின.

எடை குறைந்தது உண்மை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை சில ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. உறிஞ்சப்படாத கொழுப்பு, குடலிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்துகொண்டது. வழக்கமாகச் சுண்ணாம்புடன் பிணைந்து வெளியேற வேண்டிய ஆக்சலேட்டு துணையின்றித் தனித்து நின்று, ரத்தத்தில் புகுந்து, சிறுநீரகக் கல்லாக இறுகியது. பயனற்றுக் கிடந்த குடற்பகுதியில் கிருமிகள் பெருகின, மூட்டுகள் வீங்கின, கல்லீரல் பழுதுற்றது. ஓயாத வயிற்றுப்போக்கும் மாலைக்கண்ணும் வேறு. ஆயிரக்கணக்கானோருக்குச் செய்யப்பட்ட அவ்வறுவை 1980 வாக்கில் கைவிடப்பட்டது. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து பழைய பாதையை மீட்க வேண்டியதாயிற்று.

மருத்துவம் இங்கே கற்ற பாடம் என்ன? அறுவை முடிந்து தையல் பிரித்ததும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. 'ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனைக்கு வருக' என்று இன்றைய தாளில் உள்ள வரி, அக்காலத்து நோயாளிகளின் சிறுநீரகமும் கல்லீரலும் எழுதிய வரி.

மேசனின் பொறுமை

அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் (1920-2020) வேறு வழியில் சிந்தித்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். புண்ணுக்குச் செய்ததைப் பருமனுக்கும் செய்தால் என்ன? 1966இல், சிகாஷி இட்டோ உடனிருக்க, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து அதனை நேரே சிறுகுடலுடன் இணைத்தார். மறு ஆண்டு அவ்வேலை அச்சேறியது. தொடக்கத்தில் பித்தநீர் மேலேறும் தொல்லை இருந்தது. கென்டக்கியைச் சேர்ந்த வார்ட் கிரிஃபன் 1977இல் ரூவின் 'ஒய்' இணைப்பைக் கையாண்டு அதனைத் தீர்த்தார்.

மேசனை நாம் நினைவுகூர்வது அவர் கண்டுபிடித்த அறுவைக்காக மட்டும் அன்று. அறுவை செய்துகொண்டோரின் நிலையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவுசெய்ய வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். 1980களில் அதற்கென்று ஒரு பதிவேட்டையும் தொடங்கினார். தீங்கை மறைக்காமல் எண்ணிக் குறித்து வைத்தால்தான் அடுத்தவருக்கு அத்தீங்கு நேராது. இது எளிய உண்மை. ஆனால் தம் கையால் நேர்ந்த தீங்கை எண்ணுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

தாளின் வரிகள்

இனித் தாளுக்கு வருவோம்.

'அன்றே எழுந்து நட': பருத்த உடலுக்கு அறுவை செய்யும்போது மருத்துவர் பெரிதும் அஞ்சுவனவற்றுள் ஒன்று, காலின் ஆழ்நரம்பில் உறையும் ரத்தம் பெயர்ந்துபோய் நுரையீரலை அடைப்பது. அசையாமல் கிடப்பது அதற்கு வழிகோலும். பழங்காலத்தில் அறுவைக்குப்பின் வாரக்கணக்கில் படுத்திருப்பதே மருத்துவம் என்று நம்பினர். 1940களில்தான் அவ்வழக்கம் பரவலாகத் தகர்ந்தது. 1975இல் இந்திய வம்சாவளியினரான விஜய் காக்கர் லண்டனிலிருந்து நடத்திய பன்னாட்டு ஆய்வில் 4,121 பேர் சேர்க்கப்பட்டனர். சிறிதளவு ஹெப்பாரின் ஊசி பெற்றவர்களில் நுரையீரல் அடைப்பால் இறந்தவர் இருவர். பெறாதவர்களில் 16 பேர். வயிற்றில் போடப்படும் அச்சிறு ஊசியின் வலி இந்த வேறுபாட்டிற்குக் கொடுக்கும் விலை.

'குறித்த நேரத்திற்குப் பின் உண்ணாதே': மயக்க நிலையில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் செல்லக்கூடும். 1946இல் நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன், மகப்பேற்றின்போது மயக்கம் தரப்பட்ட பெண்களில் இவ்வாறு நேர்ந்த 66 நிகழ்வுகளைத் தொகுத்து எழுதினார். பட்டினி விதி அதன் பின்னரே உறுதிப்பட்டது.

'இரண்டு வாரப் பத்தியம்': இது நோயாளியின் மனவுறுதியைச் சோதிக்க வைத்த தேர்வு என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. பருத்தவர்களின் கல்லீரலில் கொழுப்பு மண்டியிருக்கும். அதன் இடப்பக்க மடல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும். சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தும் மருத்துவர் அம்மடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். வீங்கிய கல்லீரல் எளிதில் கிழிந்து குருதி பெருக்கும். இரண்டு வார உணவுக் கட்டுப்பாட்டில் கல்லீரல் சேமித்த சர்க்கரையும் நீரும் வடிந்து, அது சுருங்கி, இடம் விடுகிறது. விட்கிரோவும் கிளார்க்கும் 1994இல் துளைவழி இரைப்பை மாற்றுப்பாதை அறுவையை வெளியிட்ட பிறகு, துளைவழி அறுவை பரவப் பரவ இந்த வரிக்கும் முக்கியத்துவம் கூடியது.

'புகைக்காதே': புகை, தையலுக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைக்கிறது, ஆறுவது தாமதமாகிறது, இணைப்பிடத்தில் புண் தோன்றுகிறது. 'குறட்டை உண்டா?' என்ற வினாவும் வீண் வினா அன்று. உறக்கத்தில் மூச்சு தடைப்படுவோர்க்கு மயக்க மருந்துக்குப் பிந்தைய இரவு இடர் மிகுந்தது.

'வாழ்நாள் முழுவதும் சத்து மாத்திரை': இங்கே வெர்னிக்கேயின் தையற்காரப் பெண் திரும்ப வருகிறார். அவருக்கு நேர்ந்தது தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தின் குறைபாடு. உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். அறுவைக்குப்பின் ஓயாமல் வாந்தியெடுப்பவருக்கு அவ்விருப்பு விரைவில் தீர்ந்துபோகும். அப்போது தயமின் தராமல் சர்க்கரைக் கரைசலை மட்டும் ஏற்றினால் நிலை மேலும் மோசமாகும். 'வாந்தி நிற்கவில்லையெனில் உடனே வருக' என்ற வரி இதனாலேயே தடித்த எழுத்தில் அச்சிடப்படுகிறது.

இதே குறைபாட்டின் மற்றொரு வடிவம் பெரிபெரி. இதில் தமிழர்க்கும் ஒரு பங்குண்டு. மலாயாவில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் பிராடன், தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களிடையே பெரிபெரி பெருகியிருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பியதைக் கண்டு 1907இல் நூலாக எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னரே விளங்கியது. தோட்டத்துத் தமிழரின் சோற்றுப்பானை ஒரு மருத்துவப் புதிருக்கு விடையைத் தாங்கி நின்றது. இன்று, கைப்பிடிச் சோறும் கொள்ளாத சிறு இரைப்பையை உடையவருக்கு அந்தப் பானை போதாது, மாத்திரைதான் துணை. தயமினுடன் பி12, இரும்பு, சுண்ணாம்பு, டி உயிர்ச்சத்து ஆகியனவும் அவ்வாறே.

அச்சம் ஈன்ற அறுவை

மருத்துவரும் அஞ்சுவார் என்பதற்கு ஒரு சான்று. 1999 வாக்கில் நியூயார்க்கில் மிஷெல் கான்யே, இரைப்பையைக் குழலாக்கி, குடலையும் திருப்பி இணைக்கும் பெரிய அறுவையைத் துளைவழியே செய்யத் தொடங்கினார். மிகப் பருத்த நோயாளிகளால் அந்த நீண்ட அறுவையைத் தாங்க முடியவில்லை, தீங்குகள் மிகுந்தன. எனவே அதனை இரண்டாகப் பிரித்தனர். முதலில் குழலாக்கம் மட்டும். எடை ஓரளவு குறைந்தபின் மற்றது. ஆனால் முதற்கட்டத்திலேயே பலருக்குப் போதிய அளவு எடை இறங்கியது. சிலர் இரண்டாம் கட்டத்திற்கு வரவே இல்லை. 'சிலீவ்' என்று வழங்கும் அந்த முதற்கட்டமே இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படும் எடைக்குறைப்பு அறுவை. எச்சரிக்கை உணர்வு ஒரு புதிய வழியையே திறந்துவிட்டது. இதற்கும் குறைகள் உண்டு. நீண்ட தையல் வரிசையின் மேல்முனையில் கசிவு நேரலாம், நெஞ்செரிச்சல் கூடலாம். முன்பே நெஞ்செரிச்சலால் அவதியுறுவோர் அதனை மருத்துவரிடம் மறவாமல் சொல்லவேண்டும்.

எண்கள் கூறும் ஆறுதல்

அச்சத்திற்கு ஓர் அளவு வேண்டும். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று 4,776 பேரைப் பின்தொடர்ந்தது. அறுவைக்குப்பின் 30 நாள்களுக்குள் இறந்தோர் 0.3 விழுக்காட்டினர். இறப்பு, ரத்தக்கட்டு, மறு அறுவை போன்ற பெருந்தீங்கு ஏதேனும் நேர்ந்தோர் 4.3 விழுக்காட்டினர். முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள், உறக்க மூச்சுத்தடை உள்ளவர்கள், நடமாட்டம் குன்றியவர்கள் ஆகியோருக்கே இடர் மிகுதியாயிருந்தது. மருத்துவமனையில் கேட்கப்படும் கேள்விகள் ஏன் அந்த வரிசையில் வருகின்றன என்பது இப்போது புரிகிறதல்லவா?

மறுதட்டையும் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் 4,047 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கண்காணித்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அறுவை செய்துகொண்ட 2,010 பேரில் இறந்தோர் 101. செய்துகொள்ளாத 2,037 பேரில் இறந்தோர் 129. அறுவையில் இடர் உண்டு. அறுவையின்றி இருப்பதிலும் இடர் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தே நிறுக்க வேண்டும்.

அதே ஆண்டில் யூட்டா மாநிலத்திலிருந்து வந்த ஆய்வும் இறப்பு மொத்தத்தில் குறைந்ததையே காட்டியது. ஆயினும் விபத்து, தற்கொலை முதலியவற்றால் நேர்ந்த இறப்புகள் அறுவை செய்துகொண்டோரிடையே 58 விழுக்காடு மிகுதியாயிருந்தன. அறுவைக்கு முன் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்வது யாரையும் இழிவுபடுத்துவதற்காக அன்று. உணவில் ஆறுதல் தேடிய மனத்திற்கு அவ்வாறுதல் திடீரென்று இல்லாமற்போகும்போது அது எங்கே செல்லும் என்பது கேட்கத் தகுந்த கேள்வியே.

இன்னும் முடியாத பட்டியல்

1995இல் வட கரோலினாவின் வால்டர் போரிஸ் ஒரு வியப்பைப் பதிவுசெய்தார். இரைப்பை மாற்றுப்பாதை அறுவைக்குப்பின் பலருக்கு, எடை இறங்குவதற்கு முன்பே, சில நாள்களில் சர்க்கரை நோய் கட்டுக்குள் வந்துவிடுகிறது. குடல் வெறும் குழாய் அன்று. பசியையும் சர்க்கரையையும் ஆளும் சுரப்புகளை அனுப்பும் உறுப்பு என்ற தெளிவு இதனால் வலுப்பெற்றது. 'வாயைக் கட்டு' என்னும் அறிவுரை பெரும்பருமனுக்கு ஏன் போதவில்லை என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது. பசி என்பது ஒழுக்கக்கேடு அன்று, உடலின் கட்டளை.

அறுவைக்குரியோர் யார் என்னும் வரையறையும் மாறியிருக்கிறது. 1991இல் உடல் நிறை எண் 40, அல்லது இணை நோய்களுடன் 35 என வகுத்தனர். 2022இல் பன்னாட்டுச் சங்கங்கள் அதனை 35 ஆகவும், சர்க்கரை முதலிய நோய்களுடன் 30 ஆகவும் தளர்த்தின. ஆசியர்களுக்கு 27.5 முதலே எண்ணிப் பார்க்கலாம் என்றும் கூறின.

செமகுளூட்டைடு போன்ற ஊசிகள் வந்தபின் அறுவையே வேண்டாம் என்போரும் உளர். அவ்விவாதம் தொடர்கிறது. நம் தாளைப் பொறுத்தவரை அவை ஒரு புதிய வரியைச் சேர்த்திருக்கின்றன. அம்மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. பட்டினி இருந்தும் உணவு தங்கியிருக்கலாம். மெண்டல்சன் அஞ்சிய அதே ஆபத்து. 2023இல் அமெரிக்க மயக்கவியல் சங்கத்தினர், வார ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். 2024இல் மற்றச் சங்கங்களுடன் சேர்ந்து அதனைத் திருத்தி, பெரும்பாலோர் தக்க எச்சரிக்கையுடன் தொடரலாம் என்றனர். எனவே ஊசி போட்டுக்கொள்பவர் அதனை மறைக்காமல் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நாள் குறித்துக் காத்திருப்பவர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். அந்தத் தாளை மீண்டும் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். எந்த வரி ஏன் என்று விளங்கவில்லையோ, அதைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். விடை சொல்ல அவர் கடமைப்பட்டவர். அந்த வரியைக் கற்றுக்கொள்வதற்கு முன்னோர் சிலர் பெருவிலை கொடுத்திருக்கின்றனர்.